ரெமிஜியஸின் இடது கை

அத்தியாயம் 9

டென்சிலின் போன் வந்தபோது காலை மணி ஏழேகால். காக்ஸ் டவுன் வீட்டுச் சமையலறையில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டோரீன் அடுப்பைக் கவனிக்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். நீலம், சிவப்பு..."

"மம்மி, ஜெபமாலை மாதிரி சொல்லாத. புரிஞ்சு சொல்லு," என்றாள் ஆஷ்லி, ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி. "சாம்பல் மூடி டியூப் எதுக்கு?"

"சுகருக்கு."

"ஊதா?"

"ஹீமோகுளோபின், செல் கவுண்ட். ஏய், நீ பி.காம். படிக்கிறவ. என்னையே கேள்வி கேக்குறியா?"

"நாலு மாசமா இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி டிகிரி வந்துடுச்சு."

அப்போதுதான் போன் அடித்தது. மர்பி டவுனில் இருக்கும் தம்பி.

"அக்கா, கோவிச்சுக்காத. நைட் ஷிப்ட் முடிஞ்சு கிளம்புற நேரத்துல இன்னொரு ஷிப்டும் பாருன்னு நிறுத்திட்டாங்க. ரிலீவர் வரல. பதினொரு மணிக்கு உன் காலேஜுக்கு என்னால வரவே முடியாதுக்கா."

டோரீன் அடுப்பை அணைத்தாள். அந்தப் பதினொரு மணியை நினைத்துத்தான் ஒரு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம். டோரீனுக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன் மேசையில் பதினேழு வருடம் உட்கார்ந்தவள். பெயர் எழுதுவாள், டோக்கன் கொடுப்பாள், பயந்து வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலியும் நல்ல வார்த்தையும் கொடுப்பாள். போன பிப்ரவரியில் அந்த நிலையம் கைமாறியது. எல்லாப் பதிவையும் போனிலேயே செய்துகொள்ளலாம் என்று புது முதலாளிகள் முடிவெடுத்ததில், முன் மேசைக்காரர்கள் பதினோரு பேர் ஒரே மத்தியானத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மூன்று மாதம் அழுதும் வேலை தேடியும் ஓய்ந்துபோன டோரீன், ஒரு நாள் ஹென்னூர் ரோட்டில் இருக்கும் கல்லூரிக்குப் போய் மெடிக்கல் லேப் டெக்னாலஜியில் முதல் வருடம் சேர்ந்துவிட்டு வந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது பாதியில் நிறுத்திய பி.எஸ்சி. இருபத்து மூன்று வருடமாக அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது அவள் வகுப்பில் மற்ற முப்பத்தெட்டு பேரும் அவள் மகளைவிடச் சின்னவர்கள்.

வேலை போன பதினோரு பேரும் 'பதினொண்ணு' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். முதலில் அதில் வசவும் புலம்பலும்தான். டோரீன் கல்லூரியில் சேர்ந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து நிமிடம் பேசி அனுப்ப ஆரம்பித்தாள். முதல் நாள் வாட்ச்மேன் "இவத்து, இன்னைக்கு, பேரண்ட்ஸ் மீட்டிங் இல்லம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தான். சிவாஜிநகரில் வெள்ளைக் கோட்டு தைத்த டெய்லர் "டாக்டரம்மா" என்று கூப்பிட்டும் திருத்த மனம் வராமல் வந்துவிட்டாள். மைக்ராஸ்கோப்பில் அரை மணி நேரம் ஆச்சரியப்பட்டுப் பார்த்த கிருமி கடைசியில் அவளுடைய கண் இமை முடி என்று தெரிந்தது. குரூப்பில் வியாழக்கிழமையே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், "டோரீன் அப்டேட் எப்போ?" என்று.

போன வெள்ளிக்கிழமை மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் ரத்தம் எடுக்கும் பயிற்சி. பிள்ளைகள் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகிக்கொண்டார்கள். டோரீனுக்குக் கை கொடுத்தவள் நிருபமா என்ற பதினெட்டு வயதுப் பெண். டோரீனின் விரல் நடுங்கியது. மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணின் முழங்கை நாவல்பழ நிறத்தில் வீங்கிப் போயிருந்தது. "பரவால்ல ஆன்ட்டி" என்று நிருபமா சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை, கல்லூரிக்கு வந்துவிட்டார். முடிவாக, டோரீன் இனி மாணவர்கள் யார் கையிலும் ஊசி வைக்கக் கூடாது, பரீட்சைக்குத் தன் வீட்டிலிருந்தே விருப்பப்பட்ட ஒருவரை அழைத்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று அந்தப் பரீட்சை. தேறாவிட்டால் அடுத்த பருவத்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும்.

"நான் வந்திருப்பேன் மம்மி," என்றாள் ஆஷ்லி. "ஆனா பத்தரைக்கு எனக்கு வைவா. அதை மாத்தவே முடியாது."

"தெரியும்டி. நீ போய் உன் வைவாவைப் பாரு."

"நான் வர்றேன்."

இருவரும் திரும்பினார்கள். பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ரெமிஜியஸ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான்.

"நீயா?"

"டாடியா?"

இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தன. வராமல் என்ன செய்யும்? ரெமிஜியஸ் பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். நானூற்று நாற்பது வோல்ட் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பாட்டு முணுமுணுக்கிற மனிதன். ஆனால் ஆஷ்லிக்கு ஆறு மாதத் தடுப்பூசி போட்டபோது குழந்தை அழுதது, அப்பா மயங்கி விழுந்தான். நர்ஸ் குழந்தையை டோரீன் கையில் கொடுத்துவிட்டு இவனுக்குத்தான் தண்ணீர் தெளித்தாள்.

"ரெமி, ஊசியைப் பார்த்தாலே உனக்கு ஆகாது."

"பார்த்தாத்தானே? நான் சுவத்தைப் பார்த்துக்கறேன். நீ கையைப் பார்த்துக்கோ." அவன் நுரையைத் துடைத்துக்கொண்டான். "லீவு சொல்லிட்டேன். ஆயித்து, முடிஞ்சுது. இட்லி போடு."

டோரீன் அவன் தட்டில் நான்கு இட்லி வைத்தாள்.

அவளுக்குள் இன்னொரு விஷயமும் கிடந்தது. அதை வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று சிந்தியா கூப்பிட்டிருந்தாள். பதினோரு பேரில் ஒருத்தி, பதினேழு வருடமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். "டோரீன், கேட்டியா கதையை? வயசானவங்க யாரும் போன்ல பதிவு பண்ண மாட்டேங்கிறாங்களாம். பேஷண்டுங்க எல்லாம் எதிர்க் கடைக்குப் போறாங்க. முன் மேசைக்கு மறுபடி மூணு பேர் வேணுமாம். முதல் பேரே உன்னோடது. நாளைக்கு எச்.ஆர். கூப்பிடுவாங்க, பன்னெண்டு மணிக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லிடணும். யோசிக்காத, ஆமான்னு சொல்லு. இந்த வயசுல குத்திக் குத்தி என்ன பேஜாரு உனக்கு?"

பழைய நாற்காலி, பழைய மேசை, தெரிந்த வேலை. நிருபமாவின் வீங்கிய கையை நினைத்தபோதெல்லாம் அந்த நாற்காலி அவளை வா வா என்று கூப்பிட்டது.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த டோரீன், ரெமிஜியஸின் முதுகைப் பார்த்தாள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. டிசம்பர் காலைக் குளிரில் வியர்வை.

"ரெமி, வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் மேடத்துக்கிட்ட கேட்டு அடுத்த வாரம் வச்சுக்கறேன்."

"வண்டி ஓட்டறவனை டிஸ்டர்ப் பண்ணாத," என்றான் அவன், நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டு.

கல்லூரியில் அவளுக்கு வகுப்பெடுக்கிற சீதாலட்சுமி மேடத்துக்கு முப்பத்து நாலு வயது. வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷும் கன்னடமும். கண்டிப்பானவர். டோரீனை வாங்க போங்க என்றுதான் பேசுவார். மதிப்பெண்ணில் மட்டும் மரியாதை பார்க்க மாட்டார்.

"இவர்...?"

"என் ஹஸ்பெண்ட், மேடம்."

"சார், இந்த ஃபார்மைப் படிச்சுட்டு சைன் பண்ணுங்க."

ரெமிஜியஸ் படிக்கவில்லை. மேசையில் வரிசையாக வைத்திருந்த ஊசிகளைப் பார்க்காமலிருப்பதிலேயே அவனுடைய கவனம் முழுவதும் போய்விட்டது. பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். சுவரில் ரத்த ஓட்டத்தை விளக்கும் ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"ஷுரு மாடி டோரீன்," என்றார் மேடம். "பேஷண்ட்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே ஆரம்பிங்க. அதுக்கும் மார்க் இருக்கு."

டோரீன் கையுறையை மாட்டிக்கொண்டாள். "வணக்கம் சார். உங்க முழுப் பேரு சொல்லுங்க."

ரெமிஜியஸ் ஒரு கண்ணைத் திறந்தான். "இருபத்தொரு வருஷம் கழிச்சா கேக்குற?"

மேடம் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

"சார், பேரு."

"அந்தோணி ரெமிஜியஸ்."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"இதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வந்திருக்கா?"

"எனக்கு எடுக்கும்போது வந்ததில்ல. பக்கத்துல யாருக்காவது எடுத்தா வரும்."

அவன் இடது கையை நீட்டினான். எத்தனையோ வருடமாகக் கம்பி இழுத்தும் ஸ்க்ரூ முடுக்கியும் காய்த்துப்போன கை. அந்தக் கை இப்போது குளிர்ந்து போயிருந்தது. டோரீன் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நிருபமாவின் முகம் கண்முன்னால் வந்தது. பன்னிரண்டு மணிக்கு வரப்போகிற போனும் நினைவுக்கு வந்தது. இதை விட்டுவிட்டு எழுந்து போனால் என்ன? ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கூத்தெல்லாம் முடிந்துவிடும்.

அப்போது ரெமிஜியஸின் நெற்றியைப் பார்த்தாள். வியர்வை முத்து முத்தாக நின்றது. உதடு ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தது.

பதினேழு வருடமாக இந்த முகத்தைத்தானே அவள் பார்த்தாள்? தினமும் நூறு பேர், எல்லோருக்கும் இதே முகம். அவர்களிடம் ஊசியைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு எதையாவது கேட்க வேண்டும். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை.

"சார், சுவத்துக்குள்ள ஒயர் எந்தப் பக்கம் போகுதுன்னு வெளிய இருந்து எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ரெமிஜியஸின் நெற்றி சுருங்கியது. "என்ன கேள்வி இது?"

"ஆணி அடிக்கணும். ஒயர்ல பட்டுடக் கூடாது. எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ஸ்விட்ச் பாக்ஸை வச்சுத்தான். அதுல இருந்து நேரா மேல போகும், இல்ல நேரா பக்கத்துல போகும். குறுக்கால எந்த மடையனும் பைப் போடமாட்டான். போன மாசம் ஒருத்தர் மூணாவது மாடியில டி.வி. மாட்டறேன்னு..."

அவன் பேசப் பேச அவள் விரலால் முழங்கை மடிப்பைத் தடவினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. தோலுக்குக் கீழே மெத்தென்று எழும்பி அமுங்கும் ஓர் இடம். பஞ்சால் துடைத்தாள். ஊசியை எடுத்தாள்.

"...டிரில்லை நேரா ஸ்விட்ச் மேலேயே வச்சுட்டாரு. ஃபிளாட் மொத்தமும் இருட்டு. நான் போய்ப் பார்த்தா, மனுஷன் சோபா மேல ஏறி நிக்கறாரு, கையில டிரில்லு..."

ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. அடுத்து சாம்பல் மூடி. பட்டையை அவிழ்த்தாள். பஞ்சை வைத்து ஊசியை உருவினாள். குழாய்களில் பெயரும் நேரமும் எழுதினாள்.

"...நான் சொன்னேன், சார், முதல்ல சோபாவுல இருந்து இறங்குங்கன்னு. ஆ, குத்தறதுக்கு முன்னாடி சொல்லு டோரி, நான் ரெடியாகணும்."

"முடிஞ்சுது ரெமி."

"முடிஞ்சுதா?" அவன் முகம் மலரத் திரும்பினான். மேசையில் நின்ற இரண்டு குழாய்களையும் பார்த்தான். "அது என்னோடதா?" என்று கேட்டான். கேட்டபடியே நாற்காலியிலிருந்து வழுக்க ஆரம்பித்தான்.

டோரீன் ஒரு கையால் பஞ்சை அழுத்தியபடி மறுகையால் அவன் தோளைப் பிடித்தாள். மேடம் ஓடி வந்தார். இரண்டு பேருமாகத் தரையில் படுக்க வைத்து, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார்கள். டோரீன் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் திறந்தது.

"பாஸா?" என்றான்.

"பேஷண்ட் மயங்கினா என்ன செய்வீங்கன்னு வைவாவுல கேக்கறதா இருந்தேன்," என்றார் சீதாலட்சுமி மேடம், மதிப்பெண் தாளை எடுத்தபடி. "இனி கேக்க வேண்டியதில்ல. சாருக்கு ஜூஸ் வாங்கிக் குடுங்க."

வெளியே நிருபமாவும் இன்னும் நாலு பெண்களும் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். டோரீன் கட்டை விரலைக் காட்டியதும் அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு லெக்சரர் எட்டிப் பார்த்தார். நிருபமா ஓடி வந்து டோரீனைக் கட்டிக்கொண்டாள். அவள் முழங்கையில் கறுப்பு இன்னும் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

ரெக்கார்ட் நோட்டு எழுதி முடித்து டோரீன் வந்தபோது, ரெமிஜியஸ் கேண்டீன் பெஞ்சில் சாத்துக்குடி ஜூஸோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய போன்.

"ரெண்டு தடவை அடிச்சுது. எடுத்தேன். உன் பழைய ஆபீஸ் எச்.ஆர்." அவன் குரலில் கோபம் இல்லை. "பரீட்சையில இருக்காங்க, வந்ததும் பேசுவாங்கன்னு சொன்னேன். வேலை திரும்பக் குடுக்கறாங்களாமே?"

"ம்."

"ஏன் சொல்லல?"

டோரீன் பெஞ்சில் உட்கார்ந்தாள். "சொன்னா நீ போன்னு சொல்லுவே. இல்ல, போகாதேன்னு சொல்லுவே. ரெண்டுல எதைச் சொன்னாலும் நான் அதையே பிடிச்சுக்குவேன். அப்புறம் நாளைக்கு ஏதாவது கசந்தா உன்மேல பழி போடுவேன்."

"அது சரி. இருபத்தொரு வருஷமா வேற யார்மேல போட்டே?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "இப்ப நீ என்ன சொல்றே?"

"நான் எதுவும் சொல்லல. ஜூஸ் குடிக்கிறேன்."

மணி பதினொன்று ஐம்பது. டோரீன் போனை எடுத்துக்கொண்டு வாகை மரத்தடிக்குப் போனாள். பதினேழு வருடம் எத்தனை ஆயிரம் ரிப்போர்ட்டை ஒட்டிய கவரில் வைத்துக் கொடுத்திருப்பாள்! "நல்லா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். "டாக்டரைப் பாருங்க" என்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தே காலம் போய்விட்டது. இன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தில் காலை வைத்திருக்கிறாள். இனி எடுப்பதாக இல்லை.

"தேங்க்ஸ் மேடம். நான் படிச்சு முடிக்கணும். வேற யாருக்காவது குடுத்துடுங்க," என்றாள் எச்.ஆரிடம்.

"யோசிச்சுத்தானே சொல்றீங்க? இப்பவே அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவோம்."

"கூப்பிடுங்க."

திரும்பி வந்தவளின் முகத்தை ரெமிஜியஸ் ஒரு முறை பார்த்தான். ஜூஸ் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். "பாதி மிச்சம் வச்சிருக்கேன்," என்றான். அரை மணி நேரம் கழித்து, தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று அவள் சொன்னதையும் கேட்காமல், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு பயோகெமிஸ்ட்ரி லேப். காலையில் எடுத்த குழாய்களைக் கொண்டே அன்றைய பயிற்சி. சாம்பல் மூடிக் குழாய்களைச் சுழற்றி, தெளிந்ததைப் பிரித்து, மெஷினில் வைத்துச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். நிருபமா தன் லேப் பார்ட்னரின் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினாள்: 92. அடுத்தவனுக்கு 88.

டோரீன் தன் குழாயை வைத்தாள். மெஷின் முனகியது. திரையில் எண் வந்தது.

368.

அவள் தான்தான் ஏதோ தப்பாகக் கலந்துவிட்டோம் என்று நினைத்தாள். கையுறையை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து செய்தாள்.

371.

சீதாலட்சுமி மேடம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. மேடம் திரையைப் பார்த்தார். குழாயில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாருக்கு ஏற்கெனவே சுகர் இருக்கா?"

"இல்ல மேடம். அவர் டெஸ்ட்டே எடுத்ததில்ல. ஊசின்னா..."

"நம்மது காலேஜ் லேப். இதை வச்சு முடிவு பண்ணக் கூடாது. ஆனா தள்ளிப் போடாதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க." குழாயை அதன் இடத்தில் வைத்தார். "ரிசல்ட் சொல்லுவோம்னு ஃபார்ம்ல இருக்கு. நீங்களே சொல்றீங்களா, நான் பேசட்டுமா?"

"நானே சொல்றேன் மேடம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்மனஹள்ளியும் லிங்கராஜபுரமும் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை. மதியம் வேலையை வேண்டாம் என்று சொன்ன வாய் உலர்ந்து கிடந்தது. ஆனால் வருத்தம் வேலையைப் பற்றி இல்லை. ஒரு வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் படுத்தும், இது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்பதுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. ஆஷ்லி வைவா முடித்து வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் டீ போட்டு வைத்திருந்தான். மேசையில் காக்ஸ் டவுன் பேக்கரியிலிருந்து வாங்கிவந்த பிளம் கேக் ஒன்று.

"பாஸானதுக்கு," என்றான். "உக்காரு. முதல் துண்டு உனக்கு."

டோரீன் பையைக் கீழே வைக்கவில்லை. "நீ எத்தனை துண்டு சாப்பிட்டே?"

"ஒண்ணு. ஏன்?"

"உன் சுகர் முந்நூத்தி அறுபத்தெட்டு, ரெமி."

ஆஷ்லி காலை மடக்கி நேராக உட்கார்ந்தாள். ரெமிஜியஸ் கத்தியைத் தட்டில் வைத்தான். அவன் முகத்தில் டோரீன் அதிர்ச்சியை எதிர்பார்த்தாள். அது வரவில்லை. மாட்டிக்கொண்டவனின் முகம்தான் வந்தது.

"எடுத்த ரத்தத்தைக் கொட்டிடுவீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றான் மெதுவாக.

டோரீன் பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"மார்ச்ல கம்பெனியில எல்லாருக்கும் செக்கப் வச்சாங்க. ஓடவும் முடியல, ஒளியவும் முடியல. அப்ப இருநூத்தி எழுபதோ என்னமோ. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க."

"சாப்பிட்டியா?"

"ஒரு மாசம். அப்புறம் நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பத்தான் உனக்கு வேலை போயிருந்துச்சு. தினம் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுவே. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சே." அவன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான். "அப்புறம் காலேஜ் ஃபார்ம் வாங்கிட்டு வந்தே. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு! இதைச் சொன்னா ஃபார்மை எடுத்து உள்ள வச்சுடுவே. கிடைச்ச வேலைக்குப் போயிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னது உண்மை. அப்படித்தான் செய்திருப்பாள். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அதுக்காக உன்னையே கொன்னுக்குவியா? நான் படிச்சு முடிச்சு வர்றப்ப யாருக்கு ரத்தம் எடுக்கணும், சொல்லு? எவன் கையைப் பிடிக்கணும்?" கத்தினாள். கத்திய வேகத்தில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "மாதாவே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"டோரி..."

"பேசாத."

ஆஷ்லி எழுந்து வந்து கேக்கை எடுத்து உள்ளே வைத்தாள். அப்பாவின் டீயையும் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து அவன் தோளில் கை வைத்து நின்றாள். தெருவில் யாரோ வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியைப் பிடி, ஏணியைப் பிடி என்று கன்னடத்தில் ஒரு குரல்.

டோரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுக்கோ. நான் காலேஜை விட மாட்டேன். அந்தக் கதவை மத்தியானமே சாத்திட்டேன். நீயும் இனிமே எதையும் மறைக்கக் கூடாது. டாக்டர், மாத்திரை, சாப்பாடு, எல்லாம் நான் சொல்றபடி. சரியா?"

"சரி."

"வேற ஏதாவது இருக்கா? கண்ணு மங்குதா? ராத்திரியில அடிக்கடி எழுந்திருக்கியா? இப்பவே சொல்லிடு."

ரெமிஜியஸ் மகளை நிமிர்ந்து பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"மூணு வாரம் முன்னாடி சேஃப்டி ஷூ கடிச்சுது," என்றான். "வலி ஒண்ணும் இல்ல. அதனால விட்டுட்டேன்."

அவன் குனிந்து இடது கால் சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். சுருட்டிக்கொண்டே வந்தவன் பெருவிரலருகில் நிறுத்தினான். துணி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

டோரீன் தரையில் மண்டியிட்டு அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒட்டிய துணியை நனைத்து, நூல் நூலாகப் பிரித்தாள். அவன் முகம் சுளிக்கவே இல்லை. அந்தச் சுளிக்காத முகம்தான் அவளை நடுங்க வைத்தது. கடைசி நூல் பிரிந்ததும் பார்த்தாள். பெருவிரலின் அடியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, ஓரமெல்லாம் கறுத்து...

"வலிக்கலையா ரெமி? இங்க தொடறேன். இது?"

"எங்க தொடற?" என்றான் அவன்.

டோரீன் பாதத்தைக் கீழே விடவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"ஆஷ்லி, ஆட்டோ கூப்பிடு," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு. இப்பவே."